நுனி இடது

கடிகாரத்தைக் கழற்றிவிட்டார்கள் என்பதுதான் நாகஜோதியின் கண்ணில் முதலில் பட்டது. கூடப் படிக்கிற பாலகுருவின் அப்பா சோணைமுத்து நடுவீட்டில் ஐஸ் பெட்டிக்குள் படுத்திருக்கிறார், அவன் அம்மா பெட்டியின் கண்ணாடிமேல் கன்னத்தை வைத்துக்கொண்டு தொண்டை கட்டிப்போன குரலில் அவரிடம் என்னவோ கேட்டுக்கொண்டே இருக்கிறாள், வருகிற பெண்களெல்லாம் வாசல்படி தாண்டுமுன்பே அழுகையைத் தொடங்கிவிடுகிறார்கள், இவள் பார்வை போனதோ சுவருக்கு. பச்சைச் சுவரில் கடிகாரம் இருந்த இடம் மட்டும் வட்டமாக, புகையும் தூசியும் படாமல் பளிச்சென்று இருந்தது. பதினோரு நாளைக்கு முன்னால் அது அங்கே ஒன்று இருபது காட்டிக்கொண்டிருந்தது. படப்பிடிப்பு நடந்த இரண்டு நாளும் ஒன்று இருபதுதான் காட்டியது, ஏனென்றால் பேட்டரியைக் கழற்றி வைத்தவளே இவள்தான். காலண்டரிலும் தேதி கிழிக்க விடவில்லை. "அப்ப எனக்கு இன்னிக்கித் தேதிய யாரு சொல்றது?" என்று சோணைமுத்து அப்பா சிரித்தார். விஸ்காம் படிப்பின் கடைசி வருடத்துக்காக வகுப்புத் தோழன் ஆரோன் எடுக்கிற எட்டு நிமிடப் படம். வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்த மகனுக்கு அப்பா சோறு போடுகிறார், மகன் சொல்ல வந்ததைச் சொல்லாமலே சாப்பிட்டு எழுந்து போகிறான், அவ்வளவுதான் கதை. மகனாக பாலகுரு. அப்பாவாக நடிக்க ஒப்புக்கொண்ட நாடகக்காரர் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட, நிஜ அப்பாவே சட்டையை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வீடும் அவர் வீடுதான், செல்லூரில் தறிச் சத்தம் கேட்கிற இந்தச் சந்து வீடு. ஒரு சாப்பாட்டை இரண்டு நாளில் முப்பத்தொரு துண்டாக எடுத்தார்கள். பார்க்கிறவனுக்கு அது ஒரே சாப்பாடாகத் தெரிய வேண்டுமே, அதற்காகத் தம்ளரில் தண்ணீர் எந்த மட்டம், சட்டையில் எத்தனை பொத்தான், ரசம் ஊற்றுவதற்கு முன்னாலா பின்னாலா என்று நோட்டுப் போட்டு எழுதிக் காவல் காக்க ஒரு ஆள். அந்த வேலைக்குப் பெயர் கன்டினியூட்டி, செட்டில் அவளுக்கும் அதுதான் பெயர். சோணைமுத்து அப்பா வாயில் அது நுழையவில்லை, "ஏத்தா கண்டிநூட்டி, நான் இப்பச் சாயலாமா, கூடாதா?" என்று கேட்டுக் கேட்டுத்தான் சாய்ந்தார். இப்போது யாரையும் கேட்காமல் நேராகப் படுத்திருக்கிறார். அழ வேண்டும். பக்கத்தில் இருந்தவள் இவள் தோளில் கை போட்டு அழுதாள், இவளுக்குக் கண்ணீர் வரவில்லை, தண்ணீர் ஜாடி ஜன்னலிலிருந்து அலமாரிக்கு மாறியிருக்கிறதே என்றுதான் மனது முதலில் கணக்குப் பார்த்தது.

கைக்குள் போன் அதிர்ந்தது. யாரும் பார்க்காத மாதிரி தாவணியின் மடிப்பில் வைத்துப் பார்த்தாள். பார்க்காமலே தெரியும், ஆரோன்தான். முக்கு டீக்கடையில் கேமரா பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், உள்ளே வர மாட்டேன் என்கிறான். 'கேட்டியா?' என்று ஒரு வார்த்தை. அதற்கு முன்னால் அனுப்பியது: 'அஞ்சு செகண்ட் போதும். மூஞ்சி மட்டும். பின்னால பச்சைச் சுவர். நிமிந்து பாக்கணும், அவ்வளவுதான். உன் போன்லயே எடு.' அதற்கும் முன்னால்: 'தத்தனேரி சுடுகாட்டுக்குப் போனா மொட்டை போட்டுருவாங்க.' கொள்ளி வைக்கிற மகனுக்கு மொட்டை. மீசையும் போகும். அந்தச் சுருட்டை முடி திரும்ப அந்த அளவுக்கு வர நாலு மாசம் ஆகும், படத்தைக் கொடுக்க வேண்டியது திங்கட்கிழமை. இன்று வியாழன். கொடுக்காவிட்டால் படக்குழுவில் நாலு பேருக்கும் அரியர், ஆரோன் சென்னையில் சேர விண்ணப்பம் போட்டிருக்கிறானே, அதுவும் போச்சு. மகன் நிமிர்ந்து அப்பாவைப் பார்க்கிற அந்த ஒரு பார்வையில்தான் படமே இருக்கிறது, சொல்லப் போகிறான் என்று நாம் நினைக்கிற இடம் அது, அது இல்லாவிட்டால் ஒருவன் சோறு தின்றான் என்பதைத் தவிர வேறு கதை இல்லை. அதெல்லாம் ஆரோன் சொல்கிற நியாயம். அவன் எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. நல்ல பையன், எழுதவில்லை. தப்பு உன்னுடையது, அதனால் நீயே போய்க் கேள் என்று. அவன் எழுதாததாலேயே அது அவளுக்குக் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. குளிரூட்டும் பெட்டி உறுமி ஓய்ந்து மறுபடி உறுமியது. மணி என்ன என்று சுவரைப் பார்த்தாள், வட்டம் மட்டும் இருந்தது.

நுனி இடது. அப்படித்தான் எழுதினாள், நோட்டில், நீல மையில், அழுத்தமாக. முதல் நாள் கேமரா பாலகுருவின் முதுகுப் பக்கம். அவன் தோளுக்கு மேலாக எதிரே அப்பா, கீழே தலைவாழை இலை, இலை நுனி திரையில் இடது பக்கம். சாப்பிடுகிறவனுக்கு நுனி இடது கைப் பக்கம் இருக்க வேண்டும், அது பிறந்த குழந்தைக்குத் தெரியும், அதனால் சரியாகவே இருந்தது, அவளும் எழுதிக்கொண்டாள். மறுநாள் கேமரா எதிர்ப் பக்கம் வந்தது, அப்பா உட்கார்ந்த இடத்திலிருந்து பாலகுருவின் முகத்தைப் பார்த்து. மானிட்டரில் பார்த்தால் இலை நுனி வலது பக்கம் கிடக்கிறது. நோட்டைப் புரட்டினாள், நுனி இடது. திக்கென்றது. ஐயோ, ஒரே சாப்பாட்டில் இலை திரும்பிவிட்டதே, நல்லவேளை நான் பார்த்தேன் என்று ஓடிப்போய், சோறு சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்து இலையைத் திருப்பி வைத்தாள். திரையில் நுனி இடதுக்கு வந்தது. என்ன பெருமை அப்போது, காவல்காரி திருடனைப் பிடித்துவிட்ட பெருமை. கேமரா இடம் மாறினால் இடதும் வலதும் தானாக மாறும், இலை மாறக் கூடாது என்று இன்பராணி மேடம் இரண்டு நாற்காலிக்கு நடுவே நூல் கட்டிப் பாடம் நடத்தியதெல்லாம் அந்த நேரத்தில் எங்கே போயிற்று. ஒருவருக்குத்தான் தெரிந்தது. பாலகுருவுக்குப் பசி, அவன் கவனிக்கவில்லை. ஆரோனுக்கு வெளிச்சம் போகிற கவலை. கேமராவுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்த சோணைமுத்து அப்பாதான் எட்டிப் பார்த்தார். "என்னத்தா, நுனிய சோத்தாங்கைப் பக்கம் போட்டுருக்க? நல்லது நடக்குற வீட்டுல இப்படிப் போட மாட்டாகளே." இவள் என்ன சொன்னாள்? பெரிய படிப்புப் படித்தவள் இல்லையா. "கேமராவுக்கு இதுதான்ப்பா சரி." அவர் உடனே கையைக் கட்டிக்கொண்டார். தண்ணீர் லாரி ஓட்டுகிற மனிதர், தெருவில் குடம் மாற்றி வைத்தால் போடுகிற சத்தத்தில் காக்கா பறக்கும், அவர் ஒரு சின்னப் பெண் சொன்னதற்குக் கையைக் கட்டிக்கொண்டு, "அப்படியா? சரித்தா, ஒங்க தொழில் ஒங்களுக்குத் தெரியும்" என்றார். மகன் அந்த இலையில் சாப்பிட்டான். ஒரு தடவை இல்லை, ஆரோன் ஆறு டேக் எடுத்தான்.

பதினோரு நாள். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம், ஒன்றும் இல்லை, மாரடைப்பு, அவருக்குச் சர்க்கரை வேறு, பீடி வேறு. ஒன்றும் இல்லை என்று ஒருதரம் சொல்லி முடித்தால் அடுத்த மூச்சில் அந்த வாக்கியமே தலைகீழாக எழுந்து வந்தது. நல்லது நடக்குற வீட்டுல. சரி, இலை வேண்டாம், இலையை விடு, இலைக்கு ஒரு சக்தியும் கிடையாது. ஆனால் அவர் இன்றைக்குப் போட்ட லீவு? லீவை எங்கே கொண்டு ஒளிப்பது? போன வாரம் வகுப்பில் படத்தைப் போட்டுப் பார்த்தார்கள். இன்பராணி மேடம் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னாள். "இங்க பாரு, முதுகுப் பக்கம் சரியா இருந்த எலை மூஞ்சிப் பக்கம் வந்ததும் திரும்பிருச்சு. கன்டினியூட்டி யாரு? எழுந்திரு. இடதுன்னு எழுதியிருக்கியே, யாருக்கு இடது?" வகுப்பே சிரித்தது. மேடமும் சிரித்தாள், கோபமாகக்கூட இல்லை. "நம்ம ஆளுக எவனும் கதையப் பாக்க மாட்டான், எலையத்தான் பாப்பான். திரும்ப எடுத்துருங்க." பெரிதாக்கி இலையை வெட்டிவிடலாமா என்று ஆரோன் பார்த்தான், முகம் புள்ளி புள்ளியாக உடைந்தது. அப்படித்தான் இன்று காலை பத்து மணி என்று குறித்தார்கள். பாலகுரு பார்க்கிற பார்வைக்கு எதிரே அப்பா இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஆரோன் சொல்ல, அப்பா லீவு போட்டார். லீவு இல்லாவிட்டால் விடிகாலை நாலரைக்கு லாரி எடுக்கிற இடத்தில் இருந்திருப்பார், கிளீனர் இருந்திருப்பான், நாலு டிரைவர் இருந்திருப்பார்கள், நெஞ்சைப் பிடித்தால் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள். லீவுநாள் என்று வீடு தூங்கியது. ஷூட்டிங்குக்குச் சீக்கிரம் ரெடியாக வேண்டும் என்று அவர் மட்டும் எழுந்து குளிக்கப் போனார். யாருக்கு இடது? சொல்லு. எழுந்து நின்று சொல்லு. ஒரு வார்த்தை கூடப் போட்டு எழுதியிருந்தால், சாப்பிடுகிறவனுக்கு இடது என்று எழுதியிருந்தால், இந்த மனிதர் இந்நேரம் லாரியை ஓரம் கட்டிவிட்டு எங்கேயாவது டீ குடித்துக்கொண்டிருப்பார். அல்லது அங்கேயும் செத்திருப்பார். எது என்று யாராலும் சொல்ல முடியாது, அதுதான் அவளைப் போட்டு அரைத்தது.

"நீ யாருத்தா? கூடப் படிக்கிற பிள்ளையா?" பக்கத்தில் இருந்த அம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டுக் கேட்டாள். ஆமாம் என்று தலையசைத்தாள். "வெறும் படிப்புதானா?" என்றாள் அந்த அம்மாள் குரலைத் தணித்து, இழவு வீட்டிலும் அவளுக்கு ஒரு கல்யாணக் கண். "படிப்புதான்ம்மா." "அதான பாத்தேன், அழுக வரலையேன்னு." சுருக்கென்றது. அழுகை வந்தால் காதல் என்று சொல்வார்கள், வராவிட்டால் ஈரமில்லாதவள். எழுந்துபோய்ப் பெட்டிக்குள் பார்த்தாள். மீசை கறுகறுவென்று இருந்தது. முதல் நாள் நரைத்த மீசையோடு நடித்த மனிதர், படத்தில் நன்றாகத் தெரிய வேண்டும் என்று இரவே டை அடித்துக்கொண்டு மறுநாள் மாப்பிள்ளை மாதிரி வந்து நின்றார். எல்லோரும் தலையில் கை வைத்தார்கள். இவள்தான் பவுடரை எடுத்து, பஞ்சால் ஒற்றி ஒற்றி அந்த மீசையைத் திரும்ப நரைக்க வைத்தாள். அவர் மூச்சை அடக்கிக்கொண்டு, தும்மல் வந்தாலும் தும்மாமல், கண்ணை இறுக மூடிக்கொண்டு முகத்தைக் காட்டினார். "கெழவனாக்கிட்டியேத்தா" என்றார். சூடாக, வெற்றிலை வாசத்தோடு அந்த மூச்சு அவள் விரல் மேல் பட்டது. இப்போது கண்ணாடியில் அவள் மூச்சுதான் படர்ந்தது. மீசைக்குப் பவுடர் போடவில்லை, மூன்றாம் காட்சிக்குச் சேராது என்று அவள் தலைக்குள் ஒரு குரல் சொல்லிற்று, வேலைக்காரி மாதிரி, எந்த உணர்ச்சியும் இல்லாமல். அந்தக் குரலைக் கழுத்தை நெரித்துக் கொன்றால் என்ன என்று தோன்றியது. தன்னைப் பற்றி அவளுக்கே பயமாக இருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைப் பக்கம் நகர்ந்தாள், பார்த்தவர்கள் அழுகிறாள் என்று நினைத்து வழிவிட்டார்கள்.

கேட்க வேண்டும் என்றால் எப்படிக் கேட்பது? குரு, மனசைத் தேத்திக்கோ, அப்புறம் ஒரு விஷயம். சீ. குரு, அப்பாவும் ஆசைப்பட்ட படம்தானே. செத்தவர் தலையில் தூக்கி வைக்கிற பழி. குரு, நான் கேட்கவில்லை, ஆரோன் கேட்கச் சொன்னான். அதைவிடக் கேவலம் வேறு இருக்கிறதா? கேட்காமலே போய்விடலாம், அதுதான் மனுஷத்தனம், ஆரோனிடம் முடியாது என்று சொல்லிவிடலாம், அரியர் என்ன உயிரா. ஆனால் நாளைக்கு அதே பாலகுரு வந்து, ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும்தானே இரண்டு மாசம் உழைத்தேன் என்றால்? கேட்டால் பாவி, கேட்காவிட்டால் பாவி. இரண்டு பக்கமும் ஒரே தூரம் என்பதால் நின்ற இடத்திலேயே நின்றாள். சமையலறையில் அடுப்புப் பற்றவைக்காத வீட்டின் குளிர். ஜன்னல் வழியாகப் பந்தல் தெரிந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், துண்டு போட்ட ஆண்கள், கொட்டுக்காரர்கள் வெயிலில் கொட்டின் தோலைக் காய வைத்துக்கொண்டிருந்தார்கள். பாலகுரு யாரோ சொல்வதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு நின்றான், கை கொடுக்கிறவர்களுக்குக் கை கொடுத்தான். சுருட்டை முடி நெற்றியில் விழுந்திருந்தது. இடது புருவத்துக்கு மேல் இரண்டு சுருள், அன்றைக்கு மூன்று. பெரியவர் ஒருவர் உரக்கச் சொன்னார்: "மூணு மணிக்கு நீர்மாலை எடுத்துருவோம். பையன வேட்டி மாத்தச் சொல்லுங்கப்பா." நீர்மாலை என்றால் தலையோடு தண்ணீர் ஊற்றி ஈரத்துணியோடு கூட்டிவருவார்கள். முடி நனைந்துவிடும். அப்புறம் மொட்டை. மொட்டை வரைக்கும் நேரம் இருக்கிறது என்று நினைத்தாளே, அதுவும் இல்லை. போனில் இரண்டு ஐம்பது. நடுங்குகிற கையில் எடுத்தால் படம் ஆடும் என்று அந்தக் குரல் சொல்லிற்று.

பின்பக்கத்துச் சந்தில், தண்ணீர் டிரம்முக்கு மேலே கட்டிய கொடியில் வேட்டி காய்ந்தது. அங்கேதான் வருவான் என்று அவள் திட்டம் போட்டு நிற்கவில்லை. நிற்கவில்லை என்றுதான் பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொள்ளப் போகிறாள். சந்துச் சுவரும் உள்ளே இருக்கிற அதே பச்சை, ஒரே டின்னில் அடித்தது. அவன் வந்தான். ஒரு நிமிடம் இவளைத் தெரியாதவன் மாதிரி பார்த்தான்.

"ஜோதி. எப்ப வந்த?"

"ஒரு மணிக்கு."

"தண்ணி கிண்ணி குடிச்சியா?"

அவள் தலையை ஆட்டினாள், ஆம் என்றும் இல்லாமல் இல்லை என்றும் இல்லாமல். அப்பா பாவம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். "குரு, ஒரு அஞ்சு செகண்டு" என்றுதான் வந்தது. அதற்கு மேல் வாக்கியம் நகரவில்லை. முகத்தில் அறைவான் என்று எதிர்பார்த்தாள், அறைந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். அவன் அவள் கையில் இருந்த போனைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், கொடியில் கிடந்த வேட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சுவரில் முதுகு படாமல் ஒரு சாண் முன்னால் வந்து நின்றான். நிழல் விழக் கூடாது என்று ஆரோன் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது.

"இங்கனயா?"

"ம்."

"எங்கிட்டுப் பாக்கணும்?"

அப்பா உட்கார்ந்திருந்த பக்கம். அப்பாவுடைய கண் இருந்த உயரம். அதுதான் பதில், அவளைத் தவிர வேறு யாருக்கும் அது இவ்வளவு துல்லியமாகத் தெரியாது, தரையிலிருந்து நாலடி, கேமராவுக்கு ஒரு கை தள்ளி. அவளால் அதைச் சொல்ல முடியவில்லை. போனை வலது கையில் பிடித்துக்கொண்டு இடது கையைத் தூக்கினாள். "என் கையப் பாரு. மொதல்ல குனிஞ்சுக்கோ. நான் சொன்னதும் நிமிரு." அவன் குனிந்தான். சொன்னாள். நிமிர்ந்தான். ஒன்று, இரண்டு, மூன்று. அவள் உள்ளங்கையை அவன் ஒரு மனிதனைப் பார்ப்பது மாதிரி பார்த்தான். ஐந்துக்குப் பிறகும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"போதுமா?"

"போதும்."

"சரியா வந்துருக்கா?"

திரையில் பார்த்தாள். இமை இரண்டும் வீங்கி, மூக்கு நுனி சிவந்து, கன்னம் ஒரே காலைப் பொழுதுக்குள் ஒடுங்கிப்போய், வேறு யாரோ ஒருவன். இந்த முகத்தை அந்தச் சாப்பாட்டில் எந்த இடத்தில் ஒட்டினாலும் ஒட்டாது. குறுக்கும் நெடுக்குமாக எப்படி வெட்டினாலும் ஒட்டாது. "வந்துருக்கு" என்றாள்.

"இன்னொன்னு வேணும்னா எடுத்துக்க. அப்பறம் முடி இருக்காது."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மொட்டைக்கு முன்னால எடுக்கத்தான் வந்தேன்னு ஒனக்குத் தெரியுமா?"

அவன் வேட்டியை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். வெளியே கொட்டுக்காரர்கள் ஒரு தட்டுத் தட்டிச் சரிபார்த்தார்கள். "காலைல பாத்ரூம் கதவ ஒடச்சு அப்பாவத் தூக்குனேன்ல" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. "கையில அப்படியே தொங்குறாரு. அப்ப எனக்கு மொதல்ல என்ன தோணுச்சு தெரியுமா? ஐயையோ, மொட்டை போட்ருவாங்களே, ஷாட்டு பாக்கி இருக்கேன்னு. அதான் மொதல்ல வந்துச்சு ஜோதி. அழுக அதுக்கப்பறந்தான் வந்துச்சு."

அவள் போனின் திரையை அணைத்தாள்.

"அம்மாட்ட சொல்லிராத" என்றான்.

"குரு, வாப்பா, நேரமாச்சு" என்று வாசலிலிருந்து கூப்பிட்டார்கள். எனக்கும் அப்படித்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவனுக்கு அது சோறு தண்ணி மாதிரி இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. அதைச் சொல்லாமல், அவன் தோளில் நழுவிய வேட்டியை இழுத்துவிட்டாள். அவன் இன்னும் ஒரு கணம் நின்று பார்த்தான், பிறகு ஆண்கள் கூட்டத்துக்குள் போய்விட்டான், அவர்கள் அவன் சட்டையைக் கழற்றினார்கள்.